சுத்தம் பார்க்கிறவர் வீட்டுக்குப் பூனையா, நாயா?

பிப்ரவரி 3, மாலை

கேள்வி: வீட்டில் நான், கணவர், பள்ளிக்குப் போகும் மகள். மகளுக்கு நாய் வேண்டும். எனக்கு எதுவுமே வேண்டாம், ஆனால் வாக்குவாதத்தில் தோற்றுக்கொண்டு வருகிறேன். நான் கொஞ்சம் அதிகமாகவே சுத்தம் பார்க்கிறவள். தரையில் ஒரு முடி கிடந்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் அங்கே போய்விடும். பூனை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், நாய்தான் அழுக்கு, அதனால் பூனையை வாங்கு என்கிறாள் தோழி. இரண்டையும் வளர்த்தவர்கள் சொல்லுங்கள், இது உண்மைதானா?

பிப்ரவரி 3, இரவு

பாதி உண்மை. பூனை சுத்தமான பிராணிதான். ஆனால் பூனை சுத்தமாக இருந்தால் வீடும் சுத்தமாக இருக்கும் என்று யார் சொன்னது? விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கை அது தன்னை நக்குவதிலேயே செலவழிக்கும். நாக்கு முழுக்கத் தொண்டைப் பக்கம் சாய்ந்த குட்டி முட்கள், நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆனவை. உதிர்ந்த முடியை அவை வாரி எடுத்துவிடும். முட்கள் உள்பக்கம் சாய்ந்திருப்பதால் வாரியதைத் துப்ப வழியில்லை, விழுங்கித்தான் ஆக வேண்டும். விழுங்கியதில் பெரும்பகுதி பின்வழியாகப் போய்விடும், மிச்சம் ஏதோ ஒரு விடியற்காலையில் உருண்டையாக உங்கள் தரைவிரிப்பில் வந்து விழும்.

முதலில் நாய் வளர்த்தவன் நான், அது வயதாகிப் போன பிறகு பூனை. வீட்டில் துடைப்பம் என் கையில்தான், அதனால் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 4

நேற்று தூக்கக் கலக்கத்தில் பாதியில் விட்டுவிட்டேன். நான் சொல்ல வந்தது இது. நாயின் அழுக்கு பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது: காலில் சேறு, வயிற்று முடியில் புல், எங்கேயோ போய்ப் புரண்டு வந்த நாற்றம். எல்லாம் வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும், வருகிற நேரமும் உங்களுக்குத் தெரியும், கூட்டிப் போய் வந்ததே நீங்கள்தானே. வாசலில் ஒரு பழைய துண்டும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்து, நாலு காலையும் துடைத்த பிறகுதான் உள்ளே என்று பழக்கிவிட்டால் பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடும். எங்கள் நாய் கடைசிக் காலத்தில் வாசலுக்கு வந்ததும் தானாகவே முன்காலைத் தூக்கி நீட்டும், நான் வேறு வேலையாக இருந்தால் குரைத்துக் கூப்பிடும்.

பூனையின் அழுக்கு வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாகிறது. கழிவறை வீட்டுக்குள், குளியல் சோபாவின் மேல், வாந்தி நினைத்த இடத்தில். அளவில் குறைவுதான், ஆனால் தடுத்து நிறுத்த வாசல் கிடையாது. நாய் தரையோடு இருக்கும், பூனை அலமாரி உச்சி வரை போகும், போன இடத்திலெல்லாம் கொஞ்சம் முடியை விட்டுவிட்டுத்தான் வரும்.

ஆகவே முதலில் உங்களுக்கு எந்த அழுக்கு தாங்காது என்று பாருங்கள். சிலருக்குச் சுத்தம் கண்ணில் இருக்கிறது, சிலருக்கு மூக்கில்.

பிப்ரவரி 4, அப்புறம்

காலில் இருக்கிறவர்களும் உண்டு. வெறுங்காலோடு நடக்கும்போது, பூனை மலஜலம் கழிக்கும் பெட்டியிலிருந்து சிதறிய மணல் நறநறத்தால் அன்று முழுக்க எரிச்சலாக இருக்கும், எனக்கு அந்த வியாதி.

பிப்ரவரி 6

முடி விஷயம். கேள்வி கேட்டவர் கண் கட்சி என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முடி நீளமாக இருந்தால் நிறைய உதிரும், குட்டையாக இருந்தால் உதிராது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். லாப்ரடார் நாய் குட்டை முடிதான், பக் நாயும் குட்டை முடிதான், இரண்டும் ஆண்டு முழுவதும் கொட்டித் தள்ளும். காரணம் உள்முடி. பல நாய்களுக்கு மேலே கொஞ்சம் முரட்டு முடி, அடியில் பஞ்சாக ஒரு அடுக்கு என்று இரட்டைப் போர்வை இருக்கும். பருவம் மாறும்போது அடி அடுக்கு மொத்தமாகக் கழன்று வரும், அந்தச் சில வாரங்கள் தினமும் சீவினாலும் வந்துகொண்டேயிருக்கும். பூனைக்கும் இந்தப் பருவக் கணக்கு உண்டு, ஆனால் வீட்டுக்குள்ளேயே விளக்கு வெளிச்சத்தில் வாழ்கிற பூனைக்குப் பகல் நீளுவதும் குறைவதும் தெளிவாகத் தெரிவதில்லை, அதனால் கணக்கு குழம்பி ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக உதிரும். நாயின் கொட்டலைப் பார்த்தவர்களுக்கு இது தேவலாம் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொத்தமாகக் கொட்டினால் சில வாரம் கஷ்டப்பட்டு முடித்துவிடலாம், சிறுகச் சிறுக உதிர்வதற்கு முடிவே கிடையாது.

அடுத்தது முடியின் தன்மை. பூனை முடி மெல்லியது, இலேசானது, மின்விசிறி போட்டால் எழும்பிப் பறக்கும், கறுப்புத் துணியைத் தேடிப் போய் உட்காரும். நாய் முடி பெரும்பாலும் கனமானது, தரையில் மூலையில் சேரும், பெருக்கினால் வந்துவிடும். விதிவிலக்கு டால்மேஷன் மாதிரிக் குட்டை முரட்டு முடிக்காரர்கள்: அந்த முடி சோபாத் துணியில் ஊசி போலக் குத்தி நிற்கும், வேக்யூம் கிளீனரால் இழுக்க முடியாது, விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும்.

சோபாவில் முடி எடுக்க நான் பார்த்ததில் சிறந்த கருவி பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. கையில் மாட்டி லேசாக ஈரப்படுத்தி ஒரே திசையில் இழுத்தால் முடி சுருண்டு உருண்டையாக வந்துவிடும். இதற்கென்றே விற்கிற உருளை, ஒட்டுத்தாள் எல்லாம் வாங்கிப் பார்த்தாயிற்று, கையுறைக்கு ஈடாகாது.

பிப்ரவரி 6, இரவு

மேலே ஒருவர் நாயை மொட்டையடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதியிருக்கிறார். தீராது. உதிர்கிற முடியின் எண்ணிக்கை அதேதான், நீளம்தான் குறையும், குட்டை முடி துணியில் இன்னும் ஆழமாகக் குத்தும். இரட்டைப் போர்வை நாய்க்கு அந்த முடிதான் வெயிலிலிருந்தும் காப்பு, ஒட்ட வழித்தால் சில நாய்களுக்குப் பழையபடி வளர்வதும் இல்லை. சீவுங்கள், வழிக்காதீர்கள்.

பிப்ரவரி 7

பூடில் நாய் வாங்கலாமா, அதற்கு முடி உதிராதே என்று கேட்டிருக்கிறீர்கள். நம் தலைமுடி மாதிரி அதன் முடி வளர்ந்துகொண்டே போகும், உதிர்வது மிகக் குறைவு, உதிர்ந்தாலும் சுருளுக்குள் சிக்கிக்கொள்ளும். சிக்கியதை யாராவது எடுக்க வேண்டுமல்லவா? சீவாமல் விட்டால் தோலோடு சடை பிடிக்கும், நாய்க்கு வலிக்கும். நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை கத்தரித்தாக வேண்டும். தரையைப் பெருக்குகிற வேலை நாயைச் சீவுகிற வேலையாக மாறுகிறது, அவ்வளவுதான். கண் கட்சிக்காரர்களுக்கு இது லாபமான பேரம் என்றே நினைக்கிறேன்.

முடியே இல்லாத ஸ்பிங்க்ஸ் பூனையைக் கேட்டவருக்கு: தோலில் சுரக்கும் எண்ணெயை உறிஞ்ச முடி இல்லாததால் அது படுக்கிற இடமெல்லாம் எண்ணெய்க் கறை வரும். வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்ட வேண்டும், காது அழுக்கு தனி. முடி வேண்டாம் என்று போய் மெத்தை உறை துவைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பிப்ரவரி 9

இப்போது மூக்கு.

நாய்க்கு எப்போதும் ஒரு மெல்லிய வாசனை உண்டு. வளர்க்கிறவருக்குத் தெரியாது, வீட்டுக்கு வருகிறவருக்குத் தெரியும். நனைந்தால் பெருகும், ஏனென்றால் முடியில் வாழும் நுண்ணுயிர்கள் விட்டுவைத்ததை ஆவியாகிற தண்ணீர் காற்றில் ஏற்றிவிடுகிறது. அடிக்கடி குளிப்பாட்டினால் போய்விடும் என்று பார்த்தால், தோலின் எண்ணெய் வறண்டு அரிப்பு எடுத்துப் பொடுகும் சேர்ந்துகொள்ளும். படுக்கை விரிப்பைத் துவைப்பதுதான் நாயைத் துவைப்பதைவிட அதிகப் பலன் தரும்.

பூனைக்கு உடம்பில் வாசனையே இல்லை என்று சொல்லலாம், அதன் கழுத்தில் முகம் புதைத்தால் வெயிலில் காய்ந்த துணியின் மணம்தான் வரும். ஆனால் அதன் மூத்திரத்தை யாரும் மன்னிக்க மாட்டார்கள். வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை வம்சம், தண்ணீரை வீணாக்காமல் சிறுநீரைக் கெட்டியாக்கிவிடும் சிறுநீரகம். அதில் ஃபெலினின் என்று கந்தகம் கலந்த ஒரு பொருள் இருக்கிறது, அது சிதையும்போதுதான் அந்தப் பிரத்தியேக நாற்றம் கிளம்புகிறது. கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் இது மிக அதிகம், போதாக்குறைக்குச் சுவரில் பீய்ச்சி எல்லை குறிக்கவும் செய்யும். பருவம் வருவதற்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் பெரும்பாலான ஆண் பூனைகள் அந்தப் பழக்கத்துக்கே போவதில்லை. வீட்டுச் சுத்தம் என்று பேச ஆரம்பித்தால் பூனை விஷயத்தில் இதைவிடப் பெரிய முடிவு எதுவும் இல்லை, மற்றதெல்லாம் பிறகு.

மணல் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று வெளியே போக ஆரம்பித்தால் திமிர் என்று நினைத்துத் திட்டாதீர்கள். பெட்டி அழுக்காக இருக்கலாம், மணலை மாற்றியிருக்கலாம், உடம்பு சரியில்லாமலும் இருக்கலாம். ஆண் பூனை பெட்டிக்குள் உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்க வாய்ப்பு உண்டு. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம் அது, மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் உயிர் போகலாம்.

பிப்ரவரி 9, கொஞ்சம் கழித்து

அந்த மணலுக்கு ஒரு குட்டிக் கதை. 1947 வரைக்கும் பூனைப் பெட்டியில் சாம்பல், மண், காகிதக் கிழிசல் என்று கிடைத்ததைப் போட்டார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண் பூனைக்கு மணல் கேட்டு வந்தார், சாம்பல் போட்டு வீடெல்லாம் கறுப்புக் கால் தடம் என்று புகார். அவர் கையில் இருந்த உறிஞ்சும் களிமண்ணைக் கொடுத்தார், அது பிடித்துப் போய், பெரிய வியாபாரமாகவே ஆகிவிட்டது. கால் தடம் பிடிக்காத ஒரு வீட்டுக்காரியால் வந்த பொருள், கேள்வி கேட்டவருக்குப் பிடிக்கும் என்று எழுதினேன். நனைந்ததும் கட்டியாகிற வகை 1980களில்தான் வந்தது.

பிப்ரவரி 11

இன்று காலை எங்கள் பூனை கக்கியது. அறையில் முக்கால் பங்கு வெறும் தரை, ஒரு துணித் துடைப்பில் போயிருக்கும். வெறும் தரையில் தொடங்கி, பின்னாலேயே நடந்து, தரைவிரிப்பின் நடுவுக்கு வந்து சேர்ந்து அங்கேதான் முடித்தது. நாய் வளர்த்த காலத்தில் அதுவும் கக்கும், ஆனால் நான் துணி எடுத்து வருவதற்குள் அதுவே சாப்பிட்டுவிடும். இதை நாயின் சாதகத்தில் சேர்ப்பதா பாதகத்தில் சேர்ப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பிப்ரவரி 12

தொற்று பற்றிப் பயந்து எழுதியவருக்கு. பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரலாம் என்பது உண்மை. ஆனால் எல்லாப் பூனையும் எப்போதும் பரப்புவதில்லை, எலி, பறவை, பச்சை இறைச்சி வழியாகத் தொற்றிய பூனை, பொதுவாக முதல் தடவை தொற்றும்போது ஒன்றிரண்டு வாரம் வெளியேற்றும். வெளியே வந்த உடனே அது தொற்றுவதும் இல்லை, முற்றுவதற்கு ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். தினமும் பெட்டியை அள்ளுகிற வீட்டில் அந்த அவகாசமே அதற்குக் கிடைக்காது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

அள்ளுவது என்றால் தினமும், வாரக் கடைசியில் மொத்தமாக இல்லை. மகள் செய்வாள் என்று ஒப்பந்தம் போடுகிறீர்கள், சரி, மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அது உங்கள் வேலை. நாயைக் காலையில் கூட்டிப் போவதும் அப்படித்தான்.

பிப்ரவரி 14

கணவருக்குத் தும்மல் வரும் என்று இப்போது சொல்கிறீர்கள்! இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா?

அலர்ஜி முடியால் வருவதில்லை. பூனை விஷயத்தில் பெரும்பாலும் ஃபெல் டி 1 என்ற புரதம், எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இருக்கிறது. நக்க நக்க முடி முழுக்கப் பூசிக்கொள்ளும், காய்ந்து பொடியாகிக் காற்றில் மிதக்கும். தோழி எதைப் பூனையின் சுத்தம் என்றாரோ அதே நக்குதல்தான் இதை வீடு முழுக்கப் பரப்புகிறது. மிக நுண்ணிய துகள் என்பதால் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும், துணியில் ஒட்டிக்கொண்டு போய்ப் பூனையே இல்லாத வீடுகளிலும் பள்ளிகளிலும்கூடக் கிடைக்கிறது. பூனை போன பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். நாய்க்கும் இப்படிப் புரதங்கள் உண்டு, பொதுவாகப் பூனை அலர்ஜிதான் கடுமை. நாய்ப் புரதங்களில் ஒன்று, கேன் எஃப் 5 என்பது, ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உருவாகிறது. அது ஒன்றுக்கு மட்டுமே அலர்ஜி உள்ளவர்கள் பெண் நாயோடு நிம்மதியாக இருக்க முடியும், எது என்று பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

அலர்ஜி வராத இனம் என்று விற்பார்கள், நம்பாதீர்கள். அப்படிச் சொல்லப்படும் இனங்கள் இருந்த வீடுகளையும் மற்ற நாய்கள் இருந்த வீடுகளையும் ஒப்பிட்டு 2011இல் ஒரு ஆய்வு வந்தது. தூசியில் நாய்ப் புரதத்தின் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

செய்ய வேண்டியது எளிது. எதையும் வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன் அவர் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளட்டும். அப்புறம் பூனை இருக்கும் வீட்டிலும் நாய் இருக்கும் வீட்டிலும் தனித்தனியாகச் சில மணி நேரம், ஒரு தடவையோடு நிறுத்தாமல், உட்கார்ந்து பார்க்கட்டும். உதிர்ந்த முடியைக் கூட்டிவிடலாம், மனிதரின் மூச்சை என்ன செய்வீர்கள்?

பிப்ரவரி 15

சுத்தம் பார்க்கிறவர் வீட்டில் வழக்கமாக இருக்கிற திரவங்கள் பற்றி ஒரு வார்த்தை. இதை நான் சொல்லாமல் விட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது.

பூனையின் கல்லீரலுக்கு ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. ஃபீனால் கலந்த கிருமிநாசினியில் தரையைத் துடைத்தால் பூனை அதில் நடக்கும், பிறகு பாதத்தை நக்கும். அவ்வளவு போதும் உடம்புக்குப் படுத்த. வாசனை எண்ணெய்களும் அப்படித்தான், குறிப்பாகத் தேயிலை மர எண்ணெய். வீட்டை மணக்க வைக்கிற அந்தக் கருவிகளைப் பூனை வந்தால் மூட்டை கட்டிவிடுங்கள். பூ வைக்கிற வழக்கம் இருந்தால் லில்லி வேண்டவே வேண்டாம், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் செயலிழக்கும்.

இன்னொன்று, மூத்திரம் பட்ட இடத்தில் ப்ளீச் ஊற்றாதீர்கள். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும், நாய் பூனை இரண்டுக்கும் நமக்கும் ஆகாது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவமும் வேண்டாம், அது மூத்திர வாசனை மாதிரியே இருப்பதால் இங்கேதான் போக வேண்டும்போல என்று பிராணி திரும்பவும் அங்கேயே வரும். முதலில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், பிறகு நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றி, போத்தலில் சொன்ன நேரம் முழுக்க விடுங்கள். ஊற்றிய உடனே துடைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறவர்கள்தான் அதிகம்.

பிப்ரவரி 18

நான்காம் தேதி நாயைப் பற்றி எழுதியது வளர்ந்த நாய்க்கு. குட்டி வேறு பிராணி. சிறுநீரை அடக்குவதில், வயதில் ஒரு மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு, மூன்று மாதக் குட்டி மூன்று மணி நேரம் அடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். இரவிலும் எழுந்து வெளியே கொண்டுபோக வேண்டும். ஏறக்குறைய ஆறு ஏழு மாதம் வரை பல் முளைக்கும், மேசைக்கால், செருப்பு, சுவரின் மூலை, மின்கம்பி எல்லாம் வாயில் போகும். பூனைக்குட்டி ஒரு மாத வயதிலேயே மணலைத் தோண்டிப் போய்விட்டு மூடக் கற்றுக்கொள்ளும், நீங்கள் சொல்லித் தர வேண்டியது அனேகமாக எதுவுமில்லை. இந்த ஒரு பாடத்தில் பூனைக்கு நூற்றுக்கு நூறு.

அதனால் உங்கள் வீட்டுக்கு எது வந்தாலும் குட்டியாக வர வேண்டாம். இரண்டு மூன்று வயதான, குணம் தெரிந்துவிட்ட பிராணியை எடுங்கள். எவ்வளவு உதிர்கிறது, எச்சில் வழிகிறதா, பெட்டியை ஒழுங்காகப் பயன்படுத்துகிறதா, சோபாவைப் பிராண்டுமா, எல்லாம் வளர்த்துக்கொண்டிருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குட்டியிடம் எதைக் கேட்பது? மகளுக்குக் குட்டிதான் வேண்டும் என்றிருக்கும். அது எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 19

எச்சில் என்றதும் நினைவு வந்தது. உதடு தொங்குகிற பெரிய நாய்களுக்கு ஜொள்ளு. தலையை ஒரு உலுக்கு உலுக்கினால் சுவரில் ஆள் உயரத்தில் கோடு விழும், காய்ந்தால் பசை. அப்படிப்பட்ட நாய் வைத்திருக்கும் நண்பர் அறைக்கு ஒரு துண்டு தொங்கவிட்டிருக்கிறார். சுத்தம் பார்க்கிறவர் அந்த இனங்களின் படத்தைக்கூடப் பார்க்க வேண்டாம், முகம் பார்த்தால் மனசு இளகிவிடும்.

பிப்ரவரி 21

சோபாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. பூனை நகத்தைத் தீட்டுவது சோபாவின் மேல் உள்ள கோபத்தால் இல்லை. நகத்தின் பழைய மேலுறை கழல வேண்டும், முதுகை நீட்டி முறிக்க வேண்டும், பாதத்தில் இருக்கும் சுரப்பியால் வாசனை பதிக்க வேண்டும். நிறுத்தச் சொன்னால் நிற்காது, இடத்தைத்தான் மாற்றலாம். நார்க்கயிறு சுற்றிய கட்டை ஒன்று வேண்டும், பூனை பின்காலில் நின்று முழுசாக நீளும் உயரம், ஆடாத அடிப்பாகம். முக்கால்வாசிப் பேர் வாங்குவது முழங்கால் உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றை, அதையும் யார் கண்ணிலும் படாத மூலையில் வைப்பார்கள். சோபாவுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பழகிய பிறகு மெல்ல நகர்த்த வேண்டும். அறையின் அழகு கெடும், தெரியும். சோபா கெடுவதைவிடப் பரவாயில்லை.

நகத்தையே எடுத்துவிட்டால் என்ன என்று யாரோ கேட்டிருந்தார். அது விரலின் கடைசி எலும்போடு வெட்டி எடுக்கிற அறுவை, பல நாடுகளில் சட்டப்படி குற்றம், நியூயார்க் மாநிலமும் 2019இல் தடை செய்துவிட்டது. செய்த பூனைக்குக் காலில் வலி இருந்தால் மணலைத் தோண்ட மறுத்து மெத்தையில் போகும். சோபாவைக் காப்பாற்றப் போய் மெத்தையைத் தொலைப்பீர்கள். நுனியை மட்டும் அவ்வப்போது வெட்டினால் போதும்.

துணி வாங்கும்போது கண்ணி தெரியாத நெருக்கமான நெசவாகப் பாருங்கள். கண்ணி கண்ணியாக இருந்தால் நகம் மாட்டும்.

பிப்ரவரி 22

தெள்ளுப்பூச்சி நாய்க்குத்தான் வரும் என்பது தவறு. நாய் மேல் அதிகம் காணப்படுவதும் பூனைத் தெள்ளு என்ற இனம்தான். அது இடும் முட்டை பிராணியின் மேல் நிற்காது, படுக்கும் இடத்தில் உதிர்ந்து, விரிப்புக்குள் புழுவாகிக் கூடு கட்டும். அதனால் பிராணிக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, விரிப்பு துவைப்பதும் மூலை முடுக்கெல்லாம் வேக்யூம் செய்வதும் சேர்ந்தால்தான் தீரும். உங்கள் மாதிரி ஆள் வீட்டில் தெள்ளு பிழைப்பது கஷ்டம். ஒரே ஒரு எச்சரிக்கை, நாய்க்கான, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், கொன்றுவிடும்.

பிப்ரவரி 25

தானாக ஓடிப் பெருக்கும் இயந்திரம் வாங்கினால் எல்லாம் தீருமே என்கிறார் ஒருவர். முடிக்குத் தீரும். ஆனால் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஓட விடாதீர்கள், நாய்க்குட்டி இருக்கும் வீட்டில் குறிப்பாக. எனக்குத் தெரிந்த வீட்டில் குட்டி நடுக்கூடத்தில் போய்விட்டது, இயந்திரம் அதன் மேல் ஏறி, தன் கடமை தவறாமல், கூடம், படுக்கையறை, கட்டிலடி என்று ஒரு சதுர அடி விடாமல் பூசிவிட்டு, வரிசையாகப் போய்த் தன் இடத்தில் நின்று மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தது என்று கைபேசிக்குச் செய்தியும் அனுப்பியிருந்தது.

பிப்ரவரி 27

முடிவாக ஒன்றைச் சொல் என்று அழுத்துகிறீர்கள். சொல்கிறேன், எல்லோருக்கும் பொருந்தாது.

கணவருக்குப் பரிசோதனையில் பூனை அலர்ஜி இல்லை என்று வந்துவிட்டது என்கிறீர்கள், பகலில் வீட்டில் யாரும் இல்லை என்றும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் வளர்ந்த, கருத்தடை செய்த, குட்டை முடிப் பூனை. நாயைப் பகல் முழுக்கத் தனியாக விட்டால் அழுக்கு மட்டுமா வரும்? தவிப்பில் கதவைப் பிராண்டும், தலையணையைக் கிழிக்கும், அது நாயின் தப்பும் இல்லை. பூனையும் தனிமையில் சலிப்படையும்தான், ஆனால் ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கிக் கழிக்கிற பிராணி, ஜன்னலோரம் உட்கார ஒரு பலகையும் மாலையில் விளையாட ஆளும் இருந்தால் சமாளித்துக்கொள்ளும்.

பகலில் யாராவது வீட்டில் இருந்து, சமையல் மேடையில் ஒரு பாதம் பட்டாலும் அருவருப்பு என்றால் நான் நாய் என்றுதான் சொல்லியிருப்பேன். பூனையை மேடையில் ஏறாமல் பழக்கிவிட்டேன் என்று சொல்பவர்கள், தாங்கள் பார்க்கும்போது ஏறாமல் பழக்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ராத்திரி மேடையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, காலையில் துடைத்துவிட்டுத்தான் காய் நறுக்குவேன். மேசை விளிம்பில் கண்ணாடிப் பொருள் வைப்பதை நிறுத்தி வெகு காலமாயிற்று. அலமாரி மேல்தட்டில் இப்போது இருப்பது புத்தகம் மட்டும். ஒரு விதத்தில் பூனை வந்த பிறகுதான் எங்கள் வீடு ஒழுங்காக இருக்கிறது, வெளியே எதையும் வைக்க முடியாதே.

மார்ச் 2

மகள் சம்மதித்துவிட்டாள், பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி, அதாவது பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று சேர்த்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே பெட்டிதான், வேறு வேறு இடம் வேண்டும். சாப்பாட்டுக்கு அருகில் வேண்டாம், துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலும் வேண்டாம், பூனை உட்கார்ந்திருக்கும்போது அது சுழல ஆரம்பித்தால் பயந்துபோய் அந்தப் பெட்டிக்கே திரும்ப வராது. பூனையின் உடம்பு நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு பெரிய பெட்டி. மூடி போட்டது பார்வைக்கு நன்றாக இருக்கும், நாற்றம் உள்ளேயே தங்கும், கண்ணில் படாததால் அள்ளவும் மறந்துபோகும். திறந்தது வாங்குங்கள், ஓரம் உயரமாக.

வாசனை சேர்த்த மணல் நமக்காகச் செய்தது, பல பூனைகளுக்கு ஆகாது. வாசனையில்லாத, கட்டியாகிற வகை போதும். பெட்டிக்கு முன்னால் துளைகள் உள்ள இரட்டை மிதியடி போட்டால் பாதத்தில் ஒட்டிய மணலில் பெரும்பகுதி அதில் விழுந்துவிடும். மிச்சம் வரத்தான் செய்யும். வீட்டுக்குள் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 2, இரவு

கறுப்பு சோபா என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். கறுப்புப் பூனையாகப் பாருங்கள்.